மரங்கொத்தி ஒட்டிய இடங்கள்

எங்கள் வீட்டில் இருப்பவர் கீரி. பட்டாபிராமில் இருக்கும் அவருடைய நண்பர் மரங்கொத்தி. இரண்டு பேரும் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்று இருபது வருடத்துக்கு மேலாகிறது. என் வீட்டுக்காரருக்கு அறுபது முடிந்துவிட்டது, மற்றவருக்கு முடியப்போகிறது. ஆனாலும் இன்றைக்கும் யாராவது கேட்டால் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வடக்கே ஒரு விமானதளம். ஓடுபாதைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்குவாட்ரன், அந்தப் பக்கம் இன்னொன்று. ஸ்குவாட்ரன் என்றால் சில போர் விமானங்கள், அவற்றை ஓட்டுகிறவர்கள், பழுதுபார்க்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்த ஒரு படைப்பிரிவு. இவர்களுடைய சின்னம் கீரிப்பிள்ளை. அவர்களுடையது மரங்கொத்தி. யார் விமானம் காலையில் முதலில் கிளம்புகிறது, யார் என்ஜினை வேகமாகக் கழற்றி மாட்டுகிறார்கள் என்று எல்லாவற்றிலும் போட்டி. அது போதாதென்று சேட்டை. ஒருநாள் காலையில் கீரிக்காரர்கள் வந்து பார்த்தால் அவர்களுடைய ஓய்வறை காலியாக இருக்கும். நாற்காலி, மேசை, கேரம்போர்டு எல்லாம் வெளியே புல்தரையில் அதே வரிசையில் போடப்பட்டிருக்கும், மேசைமேல் விரித்த செய்தித்தாள் உட்பட. பதிலுக்கு மரங்கொத்திகளின் மரப்பொம்மை காணாமல் போகும். தேடித் தேடி ஓய்ந்த பிறகு, காற்றின் திசை காட்டும் கம்பத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தொங்கும்.

இந்தக் கூத்துக்கும் சட்டம் உண்டு. விமானத்தில் கை வைக்கக் கூடாது. கருவிகளில் கை வைக்கக் கூடாது, ஏனென்றால் ஒரு ஸ்பேனர் காணவில்லை என்றாலும் அது கிடைக்கும்வரை ஒரு விமானமும் கிளம்பாது. சாப்பாட்டில் விளையாடக் கூடாது. இவை மூன்றும் எல்லாருக்கும் புரியும். நாலாவது சட்டம்தான் விசித்திரமானது. எதிராளியின் இடத்தில் உன் சின்னம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால், இடத்துக்குச் சொந்தக்காரன் தன் கையாலேயே அதைப் பிய்க்க வேண்டும். வேறு யார் பிய்த்தாலும் கணக்கில்லை. மூன்று நாளுக்குள் பிய்க்காவிட்டால் தோல்வி.

நான் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி அங்கே குடிபோன இரண்டாவது வாரம், கொடியில் காயப்போட்டிருந்த என் புதுத் தலையணை உறையில் ஒரு மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது. நான் பிய்க்கப் போனேன். "தொடாதே!" என்று ஒரு கத்தல். குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு ஓடிவந்து, உள்ளே போய் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு, திரும்ப வந்து முறைப்படி பிய்த்தார். இந்த மனுஷனையா எனக்குக் கட்டிவைத்தார்கள் என்று அன்றைக்கு நிஜமாகவே தலையில் அடித்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்று வந்தால் ஓயும் என்று நினைத்தேன். எங்கே ஓய்ந்தது? நாங்கள் திருநின்றவூரில் வீடு கட்டினோம். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை இரண்டு ஸ்குவாட்ரன் ஆட்களும் இருபது பேருக்குக் குறையாமல் குடியிருக்கிறார்கள். போனில் ஒரு குரூப். அவரவர் குடியிருக்கும் ஊர் முழுக்க அவரவர் இடம் என்று கணக்கு. வண்டி சீட், தண்ணீர்த் தொட்டி மூடி, மகள் கல்யாணப் பந்தல் என்று ஒருவர் இடத்தில் ஒருவர் ஒட்டி, போட்டோ எடுத்து குரூப்பில் போடுவார்கள். ஒட்டப்பட்டவர் மூன்று நாளுக்குள் பிய்த்து போட்டோ போட வேண்டும். தோற்றவர், வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் குடும்பத்தோடு கூடிச் சாப்பிடும் நாளில், எதிராளியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு பாயசம் பரிமாற வேண்டும். என் வீட்டுக்காரர் ஒருமுறைகூடப் பரிமாறியதில்லை. அதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

போன வருடம் குமணன்சாவடி சந்திப்பில், திடீரென்று திரும்பிய ஒரு ஷேர் ஆட்டோ அவர் வண்டியைத் தட்டிவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை, அப்புறம் கூடத்து நாற்காலி. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் படத்தைக் காட்டியபோது நான் சந்தோஷப்பட்டேன். டாக்டர் அதோடு விடவில்லை.

"எலும்பு என் வேலை, முடிஞ்சுடுச்சு. முழங்கால் உங்க வேலை. இப்படியே உக்காந்திருந்தா அது இறுகிடும்மா. அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. மாடிப்படி ஏறி இறங்கற அளவுக்கு நடந்துட்டார்னா கால் தப்பிச்சுது."

ரெண்டு மாசம். வீட்டுக்கு வந்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நடக்கலாமா என்றால் நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அறுபது மெஷின் என் பார்வையில் ஓடுகிறது. நாளைக்கு என்ற வார்த்தையை என் லைனில் யாரும் சொல்லிவிட்டுப் போக முடியாது. வீட்டில் என் அதிகாரம் செல்லவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், சாப்பாட்டுத் தட்டைச் சமையலறையிலேயே வைத்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பட்டினி கிடந்தார். பயிற்சி கொடுக்க ஆவடியிலிருந்து வந்த பெண் மூன்றாவது நாளே கண் கலங்கிப் போய்விட்டாள்.

அவருக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். காலை ஊன்றும்போது முகம் வெளுத்துவிடும், உடனே ஏதாவது ஒரு காரணம் சொல்லி உட்கார்ந்துவிடுவார். எனக்கும் பயம்தான். இந்த நாற்காலியிலேயே இவர் கிழவராகிவிடுவார், டீ கொண்டா, போனை எடு என்று ஒரு குரலாக மட்டும் மிஞ்சிவிடுவார் என்று பயந்தேன். அப்படி விடக்கூடாது என்று ஒரு வெறியே வந்தது. ஆனால் வழி தெரியவில்லை.

வழியைக் கொண்டுவந்தவர் மரங்கொத்திதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார்.

"இன்னா மாமே, அப்டியே ஒக்காந்துகினே கீற? நாற்காலிக்கு வேர் வுட்ருச்சா?" என்றார் உள்ளே நுழையும்போதே.

இவர் சிரிக்கவில்லை. வந்தவர் டீ குடித்தார், ஊர்க்கதை பேசினார், கிளம்பும்போது ஜன்னல் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தார். அவர் போன பிறகுதான் தெரிந்தது, ஜன்னல் கண்ணாடியில் மரங்கொத்தி. நாற்காலியிலிருந்து நேர் எதிரே, நாள் முழுக்கக் கண்ணில் படுகிற இடத்தில். அதற்குள் குரூப்பில் போட்டோவும் வந்துவிட்டது.

"அதைப் பிய்ச்சுப் போடு," என்றார் என்னிடம்.

"சட்டம் தெரியாதவளா நான்?" என்றேன்.

இரண்டு நாள் அதை முறைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். ஆறு அடி. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எண்ணினேன். போய்ப் பிய்த்து, கசக்கி, தரையில் எறிந்துவிட்டு, திரும்பவும் ஆறு அடி. நாலு மாதத்தில் அவராக எழுந்து நடந்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே பட்டாபிராமுக்குப் போன் போட்டேன். அடுத்தது எங்கள் வாசல் கேட்டில் ஒட்டப்பட்டது. அதையும் மூன்றாம் நாள் கடைசி நேரத்தில் போய்ப் பிய்த்தார். எனக்கு நம்பிக்கை வந்த நேரத்தில் மரங்கொத்தி குண்டைத் தூக்கிப் போட்டார். மகளுக்குப் பிரசவம், இரண்டு மாதம் கோயமுத்தூரில் இருக்க வேண்டுமாம்.

"அந்த ஸ்டிக்கரை எங்கிட்ட குடுங்க. நான் ஒட்டறேன்," என்றேன்.

"அண்ணி, அது ஆவாது. ஸ்குவாட்ரன் ஆளுதான் ஒட்டணும். ரூல்ஸ் அப்டி."

"ரூல்ஸ் எழுதினது யாரு? சாமியா? அவர் கால் போனா உங்க ரூல்ஸ் வந்து தூக்கிட்டுப் போகுமா?"

ஒப்புக்கொண்டார். அப்புறம், "மாமேக்கு மட்டும் தெரிஞ்சுது, நம்ம ரெண்டு பேரும் காலி," என்றார். மறுநாள் ஊருக்குப் போகும் வழியில் திருநின்றவூர் ஸ்டேஷனில் இறங்கி ஒரு பழைய சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே முழுக்க மரங்கொத்திகள்.

முதல் ஸ்டிக்கரை எங்கள் தெருமுனை விளக்குக் கம்பத்தில் ஒட்டினேன். விடிகாலை, வேலைக்குக் கிளம்பும் நேரம். மூல நோய் வைத்தியர் நோட்டீசுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து, பின்பேப்பரை உரித்து, ஒரே தட்டாகத் தட்டினேன். பால்காரர் பார்த்துவிட்டார். "வீடு வாடகைக்கு" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். போட்டோவை கோயமுத்தூருக்கு அனுப்ப, அவர் அதை குரூப்பில் போட்டு, "இவ்ளோ தூரம் கீரியால வர முடியுமா, ஆட்டோ அனுப்பட்டா?" என்று எழுதினார். இருபது பேர் சிரித்தார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இவர் கேட்டார். "அவன் கோயமுத்தூர்ல இருக்கான். கம்பத்துல யாரு ஒட்டினது?"

"எனக்கென்ன தெரியும்? உங்க கூட்டத்துக்கு ஆளா இல்ல?" என்று ரசத்தை ஊற்றினேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கம்பத்திலிருந்த மரங்கொத்தி அன்று சாயங்காலமே பிய்க்கப்பட்டிருந்தது.

அடுத்தது டீக்கடைச் சுவர். அதுவும் அன்றே பிய்ந்தது. டீக்கடையில் பழைய கூட்டாளிகள் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்களாம். வாக்கர் போய் கைத்தடி வந்தது. ஏரிக்கரை மதகுச் சுவரில் ஒன்று ஒட்டினேன். நான் வேலை முடிந்து வந்தபோது வாசலில் அவர் செருப்பில் கரைமண் ஒட்டியிருந்தது. எனக்குச் சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் அழ வேண்டியிருந்தது. அவமானத்தில் ரோஷம் வந்து நடக்கிறார், நடக்கட்டும், ரோஷம்தான் இவருக்கு மருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் டார்கெட் எட்டிவிட்டால் மறுநாள் டார்கெட்டை ஏற்றுவது எங்கள் தொழில் புத்தி. அது என்னை விடவில்லை. டாக்டரிடம் போக இன்னும் பத்து நாள்தான் இருந்தது. மாடிப்படி என்று சொல்லியிருக்கிறாரே. எங்கள் வீடோ தரைத்தளம். மொட்டை மாடிக்கு ஏறச் சொன்னால் நாளைக்கு என்பார். ஆகவே ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் உச்சியில், கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் ஒன்றை ஒட்டிவிட்டு ஏழரை மணி வண்டியைப் பிடித்தேன். ரயில் போகும்போது திரும்பிப் பார்த்தேன். பாலம் உயரமாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்னால் போன் வந்தது. பாலத்தடியில் பூ விற்கும் பெண். தினமும் அவளிடம்தான் பூ வாங்குவேன்.

"யக்கா, உங்கூட்டுக்காரரு மேல படியில ஒக்காந்துகினு கீறாரு. ஒரு மணி நேரமாச்சு. ஆளுங்க புடிச்சு எறக்குறோம்னா வேணான்றாரு. மூஞ்சியே சரியில்லக்கா."

லைனை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரை ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்றது. தினமும் நிற்பதுதான், அன்றைக்குத்தான் அது எவ்வளவு நேரம் என்று தெரிந்தது. விழுந்திருந்தால்? உள்ளே இருக்கும் கம்பி வளைந்திருந்தால்? அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் செய்தது நான்தான். ஆட்டோக்காரனை ஆறு மாதமாகத் திட்டினேனே, என்னை யார் திட்டுவது? ஆவடியில் வண்டி நின்றபோது, இனி ஒரு ஸ்டிக்கரையும் தொட மாட்டேன், நாற்காலியிலேயே இருந்தாலும் பரவாயில்லை, ஆள் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

மேல்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது, இன்னொரு கையில் பிய்த்த மரங்கொத்தி. அடிபடவில்லை. ஏறிவிட்டார், பிய்த்துவிட்டார், இறங்கத் திரும்பியவர் கீழே இருந்த படிகளைப் பார்த்ததும் உறைந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"என்னைத் திட்டுங்க. நான்தான் ஒட்டினேன். கம்பத்துல, டீக்கடையில, ஏரிக்கரையில, எல்லாம் நான்தான். அவர் குடுத்துட்டுப் போனார். புத்தி கெட்டுப்போய் இவ்வளவு உயரத்துல ஒட்டிட்டேன். இனிமே இல்ல. சத்தியமா இனிமே இல்ல."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"கம்பத்துலயே தெரியும்." கையிலிருந்ததை விரித்துக் காட்டினார். "இதுல பாரு, கொப்புளம் கொப்புளமா காத்து. விமானத்து மேல எதை ஒட்டினாலும் உள்ள காத்து நிக்கக் கூடாது, பறக்கறப்போ பிச்சுக்கும். நடுவுல வெச்சு, கட்டைவிரலால ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே ஒட்டணும். முதல் வருஷம் முட்டி தேய அதைத்தான் சொல்லித் தருவாங்க. மரங்கொத்தி ஆளு தூக்கத்துல ஒட்டினாக்கூட ஒரு கொப்புளம் இருக்காது. இது சட்டையில பாக்கெட்டு வெக்கற மாதிரி தட்டி வெச்சிருக்கு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "தெரிஞ்சா எதுக்குப் போய்ப் பிய்ச்சீங்க? ஸ்குவாட்ரன் ஆளு ஒட்டலன்னா அது கணக்கே இல்லியே. உக்காந்திருக்க வேண்டியதுதானே?"

"அவன் ஒட்டினப்போ மூணு நாள் இருக்குதுன்னு உக்காந்துதான் இருந்தேன்," என்றார். "நீ ஒட்டினது வேற. விடியக்காலைல எழுந்து, சமைச்சு வெச்சு, திருட்டுத்தனமா போய் ஒட்டிட்டு, நாள் பூரா நின்னு வேலை பாத்துட்டு வர்றே. வந்ததும் வாசல்லயே நின்னு என் செருப்பைப் பாக்கறே. அப்போ அது மண்ணு படாம இருந்தா உன் மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும்."

நான் அழுதேன். பாலத்தில் போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். முப்பது வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"ஆள் வெச்சுத் தூக்கி இறக்கச் சொல்லட்டுமா?" என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வேணாம்."

"என் தோளைப் பிடிச்சுக்குங்க, ஒவ்வொண்ணா இறங்கலாம்."

"அதுவும் வேணாம். நீ முன்னாடி இறங்கிப் போ. திரும்பிப் பாக்காதே. நீ பாத்தா எனக்கு உன் பயமும் சேந்துக்குது."

அறுபது மெஷினையும் கண்கொட்டாமல் பார்த்துப் பழகியவளிடம் பார்க்காதே என்றார். எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலையை யாரும் கொடுத்ததில்லை. எழுந்தேன். இறங்க ஆரம்பித்தேன். பின்னால் கைத்தடி படியில் ஊன்றும் சத்தம். அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கால், அதற்கும் பிறகு இன்னொரு கால். சென்னை பக்கம் போகும் வண்டி வந்து நின்று கிளம்பியது, அந்த இரைச்சலில் அவர் சத்தம் கேட்கவே இல்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடியே அடுத்த படியில் கால் வைத்தேன். எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். நடுவில் திருப்பம் வந்தது, கடைக்கண்ணால் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. வண்டி போன பிறகு காது கொடுத்தேன். தடி, கால், கால். மூச்சு வாங்குவது கேட்டது. தடி, கால், கால்.

கீழே இறங்கியதும் கைப்பிடித் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது திரும்பலாமா கூடாதா என்று தெரியவில்லை, அவர் சொல்லவில்லையே. சத்தம் பக்கத்தில் வந்தது. வியர்வை வாசனை வந்தது. என் தோளை உரசிக்கொண்டு யாரோ தாண்டிப் போனார்கள்.

கண்ணைத் திறந்தேன். பூக்காரப் பெண்ணைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டையும் தாண்டி, அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ரோட்டோரம் நின்று திரும்பி, என்னைப் பார்த்துக் கத்தினார்.

"அங்கேயே நின்னா எப்படி? வீட்டுக்கு வர்றியா இல்லியா?"